அத்தைய மாடலா வச்சு கதைக்குப் படம் வரையுறது எப்படி

புதுக்கோட்டையில 1991ல அறிவொளி இயக்கம் ஆரம்பிச்சப்போ எங்க அத்தைக்கு முப்பது வயசு கூட ஆகல, கைநாட்டு தான் வச்சிட்டு இருந்தாங்க. ராத்திரி வகுப்புக்கு போயி எழுதப் படிக்க கத்துக்கிட்டாங்க, அதே கையோட சைக்கிளும் கத்துக்கிட்டாங்க. அப்போ கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத் மேடம் பொம்பளைங்க சைக்கிள் ஓட்டுறதையும் இயக்கத்தோட சேர்த்தே கொண்டு போனாங்கங்கறது எங்க மாவட்டத்துல பெரியவங்க எல்லாருக்கும் தெரியும். இப்போ எங்க தெருவுல சாயங்காலம் டியூஷன் எடுக்குற ஒரு அக்கா, அந்தக் காலத்து பொம்பளைங்க கதைய அஞ்சு சின்னக் கதையா எழுதி பிள்ளைங்களுக்கு புக்கா போடணும்னு சொல்லி, படம் என்னைய போடச் சொன்னாங்க. வாட்டர்கலர்ல பன்னெண்டு படம் போட்டேன். அதுல இருக்குற எல்லா முகமும் எங்க வீட்டு முகம், இல்லன்னா எங்க தெரு முகம். அதை எப்படி பண்ணேன், எங்க தப்பு பண்ணேன், நீங்க பண்றதா இருந்தா எதை முதல்ல பாக்கணும்னு தான் இதுல எழுதுறேன்.

முதல்ல ஏன் தெரிஞ்சவங்கள வச்சு வரையணும்னு சொல்லிடுறேன். தன்னம்பிக்கை கதைன்னாலே மலை உச்சியில ஒருத்தர் கையை விரிச்சு நிக்குற மாதிரி, பின்னாடி சூரியன் உதிக்கிற மாதிரி படம் போடுறாங்க. அந்தப் படத்த எந்தக் கதைக்கு வேணா ஒட்டலாம், அதனாலேயே அது எந்தக் கதைக்கும் சேராது. கல்லு உடைக்குற வேலைக்கு போற ஒரு அம்மா முப்பது வயசுல முதல் தடவ பெடல்ல கால் வைக்கிறாங்கன்னா, அவங்க தைரியம் சிரிப்புல தெரியாது, காதுக்கிட்ட வரைக்கும் ஏறி நிக்குற தோள்பட்டையில தெரியும், ஹாண்டில்பார இறுக்கிப் புடிச்ச விரல்ல தெரியும். நெட்ல தேடி எடுக்குற போட்டோவுல இது கிடைக்காது, ஏன்னா அங்க நிக்கிறவங்க கேமராவுக்காக நிக்கிறாங்க. நம்ம வீட்டு ஆளு எப்படி நடப்பாங்க, யோசிக்கும்போது எந்த கையால புடனிய தேய்ப்பாங்கன்னு நமக்கு இருபது வருஷமா தெரியும். அது தான் நமக்கு கைமுதல்.

இது புது வழியும் இல்ல. அமெரிக்காவுல நார்மன் ராக்வெல்னு பத்திரிகை ஓவியர், 1939ல வெர்மான்ட் மாநிலத்துல ஆர்லிங்டன்னு ஒரு சின்ன ஊருக்கு குடி போயி, பக்கத்து வீட்டுக்காரங்க, டாக்டர், ஸ்கூல் பசங்கன்னு ஊரையே மாடலா வச்சு வரைஞ்சவர். முகத்துல என்ன பாவம் வேணும்னு முதல்ல அவரே நடிச்சுக் காட்டுவாராம். 1943ல ஒரு வாரப்பத்திரிகை அட்டைக்கு, யுத்த நேரத்துல ஃபேக்டரி வேலைக்கு வந்த பொண்ணு ஒருத்திய வரைய, அதே ஊர்ல டெலிபோன் ஆபரேட்டரா இருந்த 19 வயசு மேரி டாயில்ங்கற பொண்ண உக்கார வச்சார். மெலிஞ்ச பொண்ணு அவங்க. படத்துல அவங்களுக்கு பயில்வான் கை மாதிரி புஜம் வரைஞ்சுட்டார், ரொம்ப வருஷம் கழிச்சு அதுக்காக மன்னிப்பு கேட்டு அவங்களுக்கு லெட்டரே எழுதியிருக்கார். தெரிஞ்சவங்கள வரையும்போது அவங்க மனசு நம்ம கையில இருக்கு, அதை நான் கீழ சொல்றேன்.

எந்த நிமிஷத்த வரையுறது

கதைய குறைஞ்சது மூணு தடவ படிங்க, மூணாவது தடவ சத்தம் போட்டு படிங்க. அப்புறம் கதையோட உச்சத்த விட்டுட்டு அதுக்கு ஒரு நொடி முன்னாடியோ பின்னாடியோ இருக்குறத எடுங்க. சைக்கிள் கதையில அந்தப் பொண்ணு கடைசியில பதினஞ்சு கிலோமீட்டர் ஓட்டிட்டு போயி ஆஸ்பத்திரியில மருந்து வாங்கிட்டு வரா. நான் மருந்தோட வர்றத வரையல. இருட்டுல வாசல்ல சைக்கிள் ஸ்டாண்ட எடுத்துவிட்டு, பின்னாடி திரும்பி வீட்ட ஒரு தடவ பாக்குறா பாருங்க, அதை வரைஞ்சேன். படத்த பாக்குற பிள்ளைக்கு 'போவாளா மாட்டாளா'ன்னு இருக்கும், அடுத்த பக்கத்த திருப்பும். எல்லாம் முடிஞ்ச பிறகு வர்ற சந்தோஷத்த எழுத்து சொல்லிடும்.

நிமிஷம் முடிவானதும் தீப்பெட்டி சைஸ்ல கட்டம் போட்டு நாலஞ்சு விதமா கிறுக்கிப் பாருங்க. முகம் வேண்டாம், கண்ணு வேண்டாம், எங்க இருட்டு எங்க வெளிச்சம், ஆளு எவ்வளவு பெருசு, தலைப்புக்கு எங்க இடம், அவ்வளவு தான். இந்த வேலைய போட்டோ எடுக்குறதுக்கு முன்னாடி பண்ணணும். பின்னாடி பண்ணா, நல்லா வந்த போட்டோவுக்கு ஏத்த மாதிரி கதைய வளைக்க ஆரம்பிச்சுடுவோம், எனக்கு ரெண்டு படம் அப்படித்தான் போச்சு, திரும்ப முதல்ல இருந்து வரைஞ்சேன்.

கேக்குற விதம்

யாரை எந்த வேஷத்துக்கு கேக்குறோம்ங்கறதுல தான் ரொம்ப யோசிக்கணும், கலர் தப்பானா அடுத்த பேப்பர் எடுத்துக்கலாம், இதுல தப்பானா உறவுல கீறல் விழும். நம்ம ஊர்ல ஒரு படத்துல எப்படி இருக்கோம்ங்கறத ஜனங்க லேசா எடுத்துக்க மாட்டாங்க.

எனக்கு நடந்தத சொல்றேன். ஒரு கதையில புருஷன் செத்துப்போன அம்மா, மூணு பிள்ளைங்கள வச்சுக்கிட்டு கல்குவாரிய மத்த பொம்பளைங்களோட சேர்ந்து குத்தகைக்கு எடுக்குறாங்க (எங்க மாவட்டத்துல நிஜமாவே பொம்பளைங்க குழு சேர்ந்து குவாரி எடுத்து நடத்துனாங்க). அந்த அம்மாவுக்கு எங்க சித்தி முகம் அப்படியே பொருந்தும், கன்னத்து எலும்பு, நேரா பாக்குற கண்ணு. நான் யோசிக்காம 'சித்தி, பொட்ட மட்டும் எடுத்துட்டு உக்காருங்க'ன்னு சொல்லிட்டேன். சித்தி ஒண்ணும் சொல்லல, எந்திரிச்சு அடுப்படிக்கு போயிட்டாங்க. சித்தப்பா ஆஸ்பத்திரியில இருந்து வந்து அப்போ ரெண்டு மாசம் தான் ஆயிருந்துச்சு. நான் அடுப்படிக்குப் போயி கால்ல விழாத குறையா கேட்டுக்கிட்டேன், அவங்க 'பரவால்லப்பா'ன்னு தான் சொன்னாங்க, ஆனா அவங்க அன்னைக்கு என் முகத்த பாக்கல.

அதுல இருந்து நான் வச்சிருக்குற வழக்கம் இது. பொட்டு, தாலி, பூ, மோதிரம் எதையும் யாரையும் கழட்டச் சொல்ல மாட்டேன், போட்டோவுல அப்படியே இருக்கட்டும், பேப்பர்ல விட்டுட்டா போச்சு. சாவு, விதவை, குடிகாரன், கடன் வாங்கி ஓடுறவன் மாதிரி வேஷத்துக்கு ஒரே ஆளோட முகத்த முழுசா எடுக்க மாட்டேன். உடம்பு ஒருத்தரோடது, கையி இன்னொருத்தரோடது, முகத்துக்கு என்னையே கண்ணாடியில பாத்து மூக்கையும் தாடையையும் மாத்திப்பேன். அந்தக் குவாரி அம்மாவுக்கு கடைசியில தோளும் நிக்குற விதமும் தான் சித்தியோடது, சித்தியே பாத்தும் கண்டுபுடிக்கல.

கேக்கும்போது முழுக் கதையையும் சொல்லுங்க. 'சும்மா ஒரு போட்டோ'ன்னு சொல்லி எடுத்துட்டு பின்னாடி புக்குல போடுறது தப்பு. எங்க அச்சாகும், எத்தனை பேர் பாப்பாங்க, நெட்ல போடுவோமா மாட்டோமான்னு முன்னாடியே சொல்லிடுங்க. சின்னப் பிள்ளைங்கன்னா அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டயும் கேளுங்க, அந்தப் பிள்ளைகிட்டயும் தனியா கேளுங்க. பக்கத்து வீட்டு பையன் ஒருத்தன, சைக்கிள் பார்ல உக்கார்ற பிள்ளையா வரைஞ்சேன், அவனுக்கு மேல் சட்டை இல்லாம வரையுறது பிடிக்கல, ஸ்கூல்ல கேலி பண்ணுவாங்கன்னான், சரின்னு ஒரு பழைய சட்டை போட்டு விட்டேன். ஏழு வயசு பிள்ளை சொல்ற 'வேணாம்' கூட வேணாம் தான்.

காசு குடுக்கலாமான்னு கேப்பீங்க. ராக்வெல் எல்லாருக்கும் குடுத்தார், மேரி டாயிலுக்கு பத்து டாலர். நம்ம வீட்ல காசு நீட்டுனா கோவிச்சுக்குவாங்க, ஆனா தெருக்காரங்க அரைநாள் வேலைய விட்டுட்டு வந்தா கண்டிப்பா குடுக்கணும். எங்க சைக்கிள் கடை மாமாவுக்கு அன்னைக்கு ஆகுற வருமானத்த மேல ஒண்ணும் சொல்லாம கையில வச்சேன், மதியம் சாப்பாடும் எங்க வீட்ல தான்.

போட்டோ எடுக்குற நாள்

முன்ன காலத்து ஓவியருங்க மாதிரி ஒருத்தர மூணு மணி நேரம் அசையாம உக்கார வைக்க முடியாது, அம்மாவுக்கு பருப்பு வெந்துட்டு இருக்கும். போட்டோ எடுத்துக்கிட்டு வரையுறதுல தப்பே இல்ல, எப்படி எடுக்குறோம்ங்கறது தான் விஷயம்.

வெளிச்சம் ஒரு பக்கத்துல இருந்து மட்டும் வரணும். டியூப்லைட்ட அணைச்சுட்டு ஜன்னல் பக்கம் உக்கார வைங்க, இன்னொரு பக்கம் ரொம்ப இருட்டா இருந்தா ஒரு தெர்மாகோல் ஷீட்ட நிமித்தி வைங்க, வெளிச்சம் அதுல பட்டு நிழலுக்குள்ள கொஞ்சம் போகும். ஃபிளாஷ் போட்டா முகம் தட்டையா ஆயிடும், வரையுறதுக்கு மேடு பள்ளமே இருக்காது. கும்பகோணம் பக்கத்து கிராமத்துல பொறந்த ஓவியர் எஸ்.இளையராஜா, 2021ல கொரோனாவுல போயிட்டார், அவரோட படங்கள பாருங்க, கிராமத்து பொண்ணுங்க கதவோரம் நிக்கிறதும் வாசல்ல இருந்து வர்ற வெளிச்சம் ஒரு கன்னத்துல மட்டும் படுறதும், கறுப்பு தோல்ல வெளிச்சம் எப்படி உக்காரும்னு கத்துக்க எனக்கு அதை விட நல்ல பாடம் கிடைக்கல.

ராத்திரி வகுப்பு காட்சிக்கு அரிக்கேன் விளக்கு வேணும். எங்க வீட்டு பழைய அரிக்கேனுக்குள்ள சின்ன மஞ்சள் எல்இடி பல்ப வச்சு கட்டிட்டேன், மண்ணெண்ணெய் புகையும் இல்ல, வெளிச்சமும் ஆடாம இருந்துச்சு. முதல்ல விளக்க தரையில வச்சேன், எல்லார் முகத்துலயும் வெளிச்சம் கீழ இருந்து அடிச்சு பேய்ப்படம் மாதிரி ஆயிடுச்சு. ஒரு ஸ்டூல் மேல, நெஞ்சு உயரத்துக்கு ஏத்தி வச்சதும் சரியாச்சு.

போன் கேமராவுல எடுக்குறவங்க கவனிக்க வேண்டியது தூரம். ஆள நிரப்பணும்னு ரெண்டு மூணு அடி கிட்ட போனா மூக்கு பெருசாவும் காது பின்னாடியும் போயிடும், கை நீட்டுனா கை பூதம் மாதிரி தெரியும். ஏழெட்டு அடி தள்ளி நின்னு 2எக்ஸ் ஜூம் வச்சு எடுங்க. கேமரா எந்த உயரத்துல இருக்குன்னு ஒரு சீட்டுல குறிச்சு வைங்க, ஏன்னா அம்மாவ இன்னைக்கு எடுப்போம், தங்கச்சிய அடுத்த ஞாயித்துக்கிழமை எடுப்போம், ரெண்டு பேரையும் ஒரே படத்துல சேர்க்கும்போது ஒருத்தர மேல இருந்தும் ஒருத்தர கீழ இருந்தும் எடுத்திருந்தா என்ன பண்ணாலும் ஒட்டாது. நான் கேமரா ஸ்டாண்டுல சாக்பீஸால கோடு போட்டு வச்சிருக்கேன், ஜன்னலும் அதே ஜன்னல், நேரமும் அதே நேரம்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். நடிக்கச் சொல்லாதீங்க, வேலைய குடுங்க. 'அம்மா கவலையா முகத்த வைங்க'ன்னா எங்க அம்மா சீரியல்ல வர்ற மாதிரி முகத்த வைப்பாங்க. பீஸ் கட்ட காசு எண்ணுற காட்சி ஒண்ணு இருக்கு. அதுக்கு எங்க அம்மாகிட்ட ஒரு சுருக்குப்பைய குடுத்து, உள்ள நூத்தி எழுபத்தி மூணு ரூபா சில்லறையா போட்டு, 'இதுல இருநூறு இருக்கணும்மா, எண்ணி சொல்லுங்க'ன்னு சொன்னேன். ஒரு தடவ எண்ணுனாங்க. திரும்ப எண்ணுனாங்க. பைய உள்பக்கம் திருப்பி உதறுனாங்க, அப்புறம் கட்டை விரலால ஒவ்வொரு காசையும் தள்ளி தள்ளி, உதடு மட்டும் அசைய எண்ணுறாங்க, புருவத்துக்கு நடுவுல ரெண்டு கோடு விழுந்துச்சு, அந்த நிமிஷம் எடுத்தது தான் புக்குல இருக்கு. எடுத்து முடிச்ச உடனே உண்மைய சொல்லிட்டேன், அதையும் மறக்காம சொல்லிடணும்.

கையெழுத்து போடுற காட்சி இன்னும் கஷ்டமா இருந்துச்சு. கைநாட்டு வச்சிட்டு இருந்த பொண்ணு முதல் தடவ தன் பேர எழுதுறா. அதுக்கு சித்தப்பா பொண்ண, நர்ஸா இருக்குற என் தங்கச்சிய உக்கார வச்சேன், அவ பேனாவ புடிச்சதுமே தெரியுது படிச்ச கைன்னு, சும்மா ஓடுது. அத்தை பக்கத்துல இருந்து பாத்துட்டு 'நாங்க இப்படியா புடிச்சோம், பேனா ஓடிப்போயிடும்னு புடிச்சோம்'னாங்க. அப்பத்தான் தோணுச்சு, தங்கச்சிய இடது கையால எழுதச் சொன்னேன். அவ்வளவு தான், நகம் வெளுத்துப்போற அளவுக்கு அழுத்துறா, இன்னொரு கை தானா வந்து பேப்பர அமுக்கிக்குது, நாக்கு நுனி உதட்டோரம் வந்து நிக்குது, தலை பேப்பர்கிட்ட குனியுது. இந்த உபாயத்த எழுதப் பழகுற யாரை வரைஞ்சாலும் செய்யலாம்.

ஆனா அதுல ஒரு ஆபத்து இருக்கு. வலது கையா காட்டணும்னு போட்டோவ கண்ணாடி மாதிரி திருப்பிட்டேன், பென்சில் ஸ்கெட்ச் முழுசா முடிச்சுட்டேன், அம்மா வந்து ஒரு பார்வை பாத்துட்டு 'ஏன்டா முந்தானை வலது தோள்ல கிடக்கு'ன்னு கேட்டாங்க. மூக்குத்தியும் பக்கம் மாறியிருந்துச்சு. திருப்புனா உடுப்புல எல்லாம் திரும்பும், அதனால இப்ப கையும் பேனாவும் குனிஞ்ச தலையும் மட்டும் திருப்புன போட்டோவுல இருந்து, சேலை திருப்பாத போட்டோவுல இருந்துன்னு ரெண்டையும் பக்கத்துல வச்சு வரையுறேன். ஆம்பளைங்கன்னா சட்டை பட்டனையும் பாக்கெட்டையும் பாத்துக்குங்க.

சைக்கிள்

சைக்கிள் வரையுறது தனி பாடம். அந்தக் காலத்துல லேடீஸ் சைக்கிள் போதாம, எங்க ஊர் பொம்பளைங்க நிறைய பேர் ஜென்ட்ஸ் சைக்கிள் தான் ஓட்டுனாங்க. நடுவுல பார் இருந்தா பிள்ளைய உக்கார வைக்கலாம்னு விரும்பியே வாங்குனவங்களும் உண்டு. இது தெரியாம வளைஞ்ச பார் வச்ச லேடீஸ் சைக்கிள வரைஞ்சா கதை ஊர விட்டே போயிடும். ராக்வெல்லும் இந்த மாதிரி சின்ன விவரத்த விடல, மேரி டாயில் வெள்ளை சட்டையோட முதல்ல போஸ் குடுத்திருக்காங்க, ராக்வெல் நீல சட்டை, வேற ஷூ மாட்டிட்டு திரும்ப வரச் சொல்லி மறுபடி எடுத்தாராம். அந்தப் பொறுமை வேணும். மாமா கடையில பழைய 28 இன்ச் சைக்கிள் ஒண்ணு துருப்புடிச்சு கிடந்துச்சு, அதைத்தான் துடைச்சு எடுத்துக்கிட்டோம்.

ஓட்டத் தெரிஞ்சவங்க, பழகுறவங்க, ரெண்டும் வேற வேற உடம்பு. தெரிஞ்சவங்க தூரத்துல ரோட்ட பாப்பாங்க, பழகுறவங்க கண்ணு முன் சக்கரத்த விட்டு நகராது, முழங்கை மடங்காது, கட்டை மாதிரி நிக்கும். தங்கச்சிக்கு ஸ்கூட்டி ஓட்டி பழக்கம், ஆனா பார் வச்ச கனமான சைக்கிள்ல சேலையோட ஏறுனதில்ல, அதனால நிஜமாவே தடுமாறுனா. மாமா பின்னாடி கேரியர புடிச்சுக்கிட்டார், நான் இன்னொரு பக்கம் தம்பிய நிக்க வச்சேன், மண் தரை, மெதுவா மூணு அடி தள்ளுனது தான். போட்டோ எடுக்காம வீடியோ எடுத்துட்டு அதுல இருந்து பிரேம் பிரேமா பாத்து எடுத்துக்கிட்டேன், சரிய ஆரம்பிச்ச அந்த ஒரு பிரேம எந்த போஸ்லயும் வாங்க முடியாது. யாரும் விழாம பாத்துக்குங்க, படத்த விட அது முக்கியம்.

வரையும்போது சக்கரம் பக்கவாட்டுல பாத்தா வட்டம், கொஞ்சம் திரும்புனா முட்டை வடிவம், ஹாண்டில் திரும்பியிருந்தா முன் சக்கரம் பின் சக்கரத்த விட ஒடுக்கமா தெரியும். முதல்ல ரெண்டு அச்சும் எங்க இருக்குன்னு புள்ளி வைங்க, அப்புறம் சக்கரம், அப்புறம் பிரேம். ஸ்போக்ஸ் எல்லாத்தையும் போடாதீங்க, வெளிச்சம் படுற இடத்துல ஏழெட்டு கம்பி போதும், மிச்சத்த கண்ணு போட்டுக்கும்.

பேப்பருக்கு கொண்டு வர்றது

போட்டோக்கள சேர்த்து வச்சு முதல்ல சாதா பேப்பர்ல பென்சில்ல முழு ஸ்கெட்ச் முடிங்க. நேரா நல்ல பேப்பர்ல ஆரம்பிச்சு ரப்பர் போட்டு அழிச்சா மேல் பரப்பு கிழிஞ்சு கலர் அங்க மட்டும் திட்டு திட்டா உறிஞ்சும். ஸ்கெட்ச் முடிஞ்சதும் அதோட பின்பக்கம் 4பி பென்சில தேய்ச்சு, நல்ல பேப்பர் மேல வச்சு, முன்பக்கம் கோட்டு மேல கெட்டியான பென்சிலால அழுத்தாம ஓட்டுனா கீழ லேசா பதியும். ஜன்னல் கண்ணாடியில ஒட்டி வச்சும் பிரதி எடுக்கலாம், ஆனா பேப்பர் தடியா இருந்தா வெயில் நல்லா அடிக்கணும். பேப்பர் 300 ஜிஎஸ்எம் (பேப்பரோட கனத்த சொல்ற அளவு) வாங்குங்க, அதுக்கு கீழ போனா தண்ணி பட்டதும் அலை அலையா வளையும். நாலு பக்கமும் பலகையில டேப் ஒட்டிட்டு வரைங்க.

போட்டோவ அச்சு மாதிரி காப்பி அடிக்காதீங்க. அது ஆரம்பம் தான். அத்தையோட ஃபிரண்டா வர்ற பொண்ணுக்கு தங்கச்சியோட அதே முகத்த, வயச மட்டும் கூட்டி போட்டேன். வயசு கூட்டுறதுன்னா கோடு கோடா சுருக்கம் போடுறது இல்ல, கன்னம் கொஞ்சம் கீழ இறங்கும், கழுத்து முன்னாடி வரும், தோள் வட்டமாகும், கை நரம்பு தெரியும்.

கறுப்பு நிறத்துக்கு கலர்

நம்ம பிள்ளைங்க படிக்கிற புத்தகத்துல எல்லாரும் ரோஸ் கலர்ல இருக்குறது எனக்கு பொறுக்கல, இத மனசார சொல்றேன். கடையில 'ஸ்கின் கலர்'னு விக்கிற டப்பாவ வாங்கவே வாங்காதீங்க. எங்க ஊர் வெயில்ல வேலை பாக்குற உடம்புக்கு பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), அல்ட்ராமரின் ப்ளூ (அடர் நீலம்), எல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), கொஞ்சம் கிரிம்சன் (அடர் சிவப்பு), இந்த நாலு போதும். முதல்ல ஆக்கரும் சியன்னாவும் தண்ணியா கலந்து முகம் முழுக்க ஒரே ஓட்டம், வெளிச்சம் உச்சியா அடிக்கிற இடத்த மட்டும் விட்டுட்டு. நல்லா காய விடுங்க, புறங்கைய வச்சு பாருங்க, ஜில்லுன்னு இருந்தா இன்னும் காயல. அடுத்து சியன்னா கெட்டியா, நிழல் பக்கம். மூணாவதா சியன்னாவோட அல்ட்ராமரின் சேர்த்து தாடைக்கு கீழ, கண்குழியில, சேலை ஓரத்துல. கறுப்ப தொடாதீங்க, கறுப்பு சேர்த்தா தோல் சாம்பல் பூசுன மாதிரி செத்துப்போயிடும். வாசல்ல நிக்குற ஆளுன்னா நெத்தியிலயும் கன்னத்து மேட்டுலயும் வானத்து நீலம் லேசா பளபளக்கும், கறுப்பு தோல்ல அது ரொம்ப அழகா தெரியும், அந்த விட்டு வச்ச வெள்ளை மேல மிக மிக தண்ணியான நீலம் ஒரு தடவ ஓட்டுங்க. காது நுனி, விரல் முட்டி, உள்ளங்கையில கிரிம்சன் ஒரு சொட்டு. உள்ளங்கையும் உள்ளங்காலும் வெளுப்பா இருக்கும்ங்கறத பல பேர் மறந்துடுறாங்க.

மண் தரைக்கும் அதே சியன்னா தான், எங்க பக்கத்து செம்மண் சைக்கிள் டயர்லயும் சேலை கரையிலயும் ஏறியிருக்கும், அதையும் ஏத்துங்க, ஆளும் ஊரும் ஒண்ணா தெரியும்.

அச்சுக்கு குடுக்குறதுக்கு முன்னாடி

ஸ்கேன் 300 டிபிஐ (ஒரு இன்ச்சுக்கு எத்தனை புள்ளிங்கற கணக்கு), படம் புக்குல வர்ற சைஸுக்கு மேல பெருசா இருக்கணும், ஓரத்துல எல்லா பக்கமும் 3 மில்லிமீட்டர் வெட்டுறதுக்கு கூட விடுங்க. ரெண்டு பக்கமும் சேர்ந்து வர்ற படம்னா நடு மடிப்புல முகம் வரக்கூடாது. அச்சுல அல்ட்ராமரினும் பளிச் பச்சையும் மங்கும், சாதா தாள்ல நிழல் இன்னும் இருட்டா போயிடும், அதனால ராத்திரி காட்சிய நான் மனசுல நினைச்சத விட ஒரு படி வெளிச்சமாவே போட்டேன். முதல் படம் அதை கவனிக்காம குடுத்து, சோதனை பிரதியில அரிக்கேன் பக்கத்துல இருந்த மூணு முகத்துல ஒண்ணு காணாமயே போயிடுச்சு. எப்படியாவது ஒரே ஒரு பிரதியாவது முன்னாடி அடிச்சு பாத்துடுங்க.

அச்சுக்கு போறதுக்கு முன்னாடி படத்துல இருக்குற ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரிஜினல கொண்டு போயி காட்டுங்க. போன்ல அனுப்பாதீங்க, நேர்ல. யாராவது 'இது வேணாம்பா'ன்னா மாத்துங்க. புக் வந்ததும் ஆளுக்கு ஒரு பிரதி, கூடவே அவங்க இருக்குற படத்த நல்ல பேப்பர்ல பிரிண்ட் போட்டு குடுங்க, எங்க மாமா கடையில சாமி படத்துக்கு பக்கத்துல அதை மாட்டியிருக்கார்.

அத்தைகிட்ட கடைசியா கொண்டு போனேன். தண்ணிக்குடத்த கேரியர்ல வச்சு ஓட்டிட்டு வர்ற படத்த வெளிச்சத்துல புடிச்சு ரொம்ப நேரம் பாத்தாங்க, விரலால குடத்து பக்கம் தொட்டு காட்டுனாங்க. 'கயிறு போட்டிருக்கியே, கயிறு ஈரத்துல நழுவும்டா. பழைய ட்யூப வெட்டி தான் கட்டுவோம்.' வாட்டர்கலர்ல போட்ட கோட்ட எடுக்குறது கஷ்டம் தான், ஆனா ஈரமான பிரஷ்ஷால அந்த இடத்த மட்டும் தடவி டிஷ்யூவால ஒத்தி ஒத்தி எடுத்தா பாதி போகும், மிச்சத்து மேல வெள்ளை போஸ்டர் கலர் கலந்த சாம்பல் நிறத்துல பட்டையா ரெண்டு சுத்து ட்யூப் வரைஞ்சேன், முடிச்சுக்கு பக்கத்துல வால்வு மூக்கு ஒண்ணு நீட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி. அதுவும் அத்தை சொன்னது தான்.